பேனா இருக்கா?

முந்தாநாள் காலையில் மோட்டார் ரிப்பேர்காரர் போனில் ஒரு நம்பர் சொன்னார். "எழுதிக்கிடுங்கண்ணே" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். போன் காதில், கை மேஜையைத் துழாவுகிறது. சார்ஜர் இருக்கிறது, இன்னொரு சார்ஜர் இருக்கிறது, எந்தப் போனுக்கும் சேராத மூன்றாவது சார்ஜரும் இருக்கிறது. பேனா இல்லை. ஸ்டடி ஹாலிடேவுக்கு வந்திருக்கும் தம்பி மகனின் பையைக் கவிழ்த்தேன். லேப்டாப், டேப், இயர்போன், பாதி கடித்த கடலை மிட்டாய்.

அடுப்படிக்கு ஓடி, தீக்குச்சியைக் கிழித்து ஊதி அணைத்து, அந்தக் கரியால் சுவரில் எழுதினேன். ஒரு குச்சிக்கு இரண்டு எண்தான் தேறும். மூன்றாவதற்குள் நுனி பொடிந்துவிடுகிறது. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்த உபயோகத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

"டேய், நோட்ஸெல்லாம் எதுலதான் எழுதுறே?"

"எழுதுறதா? டைப் பண்ணுவேன் பெரியப்பா. இல்லேன்னா போர்டை போட்டோ எடுத்துக்குவோம்."

நோட்டும் டைரியும் அச்சடித்து நாட்டுக்கே அனுப்பும் சிவகாசி, எங்கள் ஆமத்தூரிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு எரியுமா எரியாதா?

கையால் எழுதுவது நல்லதா, டைப் அடிப்பதா என்று தீர்ப்பு சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் நோட்டுக்கு அட்டை போடுவது பற்றி ஒரு வார்த்தை. பிரவுன் தாளெல்லாம் மதுரைப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு அச்சாபீசில் கழித்துப்போட்ட தாள்தான். ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற ஊரில், கலர் விலகிய சாமிகளுக்கா பஞ்சம்? என் கணக்கு நோட்டில் முருகன். நீலம் ஒருபக்கம், சிவப்பு ஒருபக்கம் விலகியதில் ஆறுமுகத்துக்குப் பன்னிரண்டு முகம். இயற்பியலுக்கு லட்சுமி. வேதியியலுக்கு லட்சுமி வெடி லேபிள். படம் வெளியே தெரிய வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளைப் பக்கம்தான் வெளியே வர வேண்டும், சாமி அழுக்காகும் என்பது அம்மா கட்சி. ஒட்டுவதற்கு மைதாப் பசை; பசைக்குக் கரப்பான்; கரப்பானுக்கு அப்பாவின் செருப்பு; செருப்படி விழுந்தது லட்சுமி மேல் என்று அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. நோட்டில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். லேப்டாப்பில் கால் பட்டால் தம்பி மகன் கும்பிடுவதில்லை, ஸ்கிரீன் போச்சா என்று பார்க்கிறான்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். 2014இல் அமெரிக்காவில் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இருவர் மாணவர்களுக்கு டெட் உரைகளைப் போட்டுக் காட்டி, பாதிப் பேரைக் கையாலும் மீதிப் பேரை லேப்டாப்பிலும் குறிப்பு எடுக்க வைத்தார்கள். டைப் அடித்தவர்கள் கேட்டதை அப்படியே அடித்துத் தள்ளினார்கள். கை அவ்வளவு வேகமாக ஓடாதே; எழுதியவர்கள் யோசித்துச் சுருக்கினார்கள், புரிந்து எழுத வேண்டிய கேள்விகளில் முந்தினார்கள் என்றது முடிவு. பின்னால் 2019இல் வேறு சிலர் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை.

தம்பி மகனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

ஆனால் எங்கள் வகுப்பில் ஏது சுருக்கம்? சார் கமா, முற்றுப்புள்ளி, "அடுத்த பத்தி" எல்லாம் சொல்லித்தான் நோட்ஸ் கொடுப்பார். ஒருவன் "அடுத்த பத்தி" என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தான். ரஃப் நோட்டில் ஒருமுறை, ஃபேர் நோட்டில் ஒருமுறை, தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச், அடிக்கோடு சிவப்பு. இவ்வளவும் செய்துவிட்டு இயற்பியலில் நான் வாங்கியதை இங்கே எழுத வேண்டாம் என்கிறாள் வீட்டுக்காரி.

தம்பி மகனின் போனை வாங்கிப் பார்த்தேன். போர்டு, போர்டு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, போர்டு, மறுபடி பரோட்டா. பரோட்டாவைத்தான் ஜூம் செய்து பார்த்திருக்கிறான். என் ஃபேர் நோட்டையும் யார் திறந்தது? பன்னிரண்டு முகத்தோடு முருகன் காவல் இருந்தார்.

தீர்ப்பு சொல்கிறேன் என்றேனே. அட்டைக்கு மேல் ஒட்டுகிற லேபிளை இன்னும் சொல்லவில்லை. அதில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று நாலு வரி இருக்கும். இடம் போதாது, வீட்டுக்காரி கோலமாவு டப்பாவுடன் சுவரைப் பார்த்து நிற்கிறாள். மோட்டார் இன்னும் ஓடவில்லை. சுவரில் இருக்கும் கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை.