ஒரு கோலுக்கு ஐம்பது ஆண்டு

ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தைக் கால்பந்தின் கோயில் என்கிறார்கள். கோயில்தான், யார் மறுத்தது? உண்டியல் இருக்கிறது, அதில் கைவைத்த தர்மகர்த்தா இருக்கிறார், சிறப்பு தரிசன டிக்கெட் இருக்கிறது, வாசலோடு நிறுத்தப்பட்ட பக்தர்கள் இருக்கிறார்கள். பலியாடும் உண்டு.

முதலில் ஆட்டைப் பார்ப்போம். 1950 ஜூலை 16. உலகக் கோப்பைக்கென்றே கட்டி, வேலை முடியும் முன்பே அவசர அவசரமாகத் திறந்த மைதானம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். உருகுவேயோடு டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. ரியோ மேயருக்கு அதுவரைகூடப் பொறுமையில்லை. பந்து உருளும் முன்பே ஒலிபெருக்கியில் தன் வீரர்களை வெற்றியாளர்கள் என்று வாழ்த்திவிட்டார். 79ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா அடித்தார். உருகுவே 2, பிரேசில் 1.

குற்றவாளி யார்? முந்திக்கொண்டு வாழ்த்திய மேயரா? சேச்சே. கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா. கூடவே தடுப்பாட்டக்காரர்கள் பிகோஜி, ஜுவெனால். மூவரும் கறுப்பர்கள். தற்செயல்தான், வேறென்ன! அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டையும் ராசியில்லாமல் போய், பிரேசில் மஞ்சளுக்கு மாறியது. சட்டைக்கு மாற்று கிடைத்தது. பார்போசா தன் தோலை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவார்? 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, அபசகுனம் என்று உள்ளே விடவில்லை. இந்த நாட்டில் அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுதானே என்று அந்த மனிதர் கேட்டும் பார்த்தார். 2000இல் செத்த பிறகுதான் விடுதலை.

அடுத்து தர்மகர்த்தா. 2014 உலகக் கோப்பைக்காக இந்த மைதானத்தை இடித்துத் திருத்த 100 கோடி ரெயாலுக்கு மேல் கொட்டினார்கள். அப்போது ரியோ மாநில ஆளுநர் செர்ஜியோ கப்ரால். ஒப்பந்தத்தில் 5 சதவீதம் அவருக்கு என்று கட்டுமான நிறுவனத்தாரே பின்னாளில் வாக்குமூலம் கொடுத்தார்கள். 2016 நவம்பரில் கைதானார். அடுத்தடுத்த ஊழல் வழக்குகளில் அவருக்கு விதித்த தண்டனையைக் கூட்டினால் 400 ஆண்டைத் தாண்டியது. 2022 டிசம்பரில் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்குப் போனார்; தீர்ப்புகளில் சில பிறகு ரத்தும் ஆயின. கணக்கு இப்படி முடிகிறது: ஒரு கோல் விட்டவனுக்கு ஐம்பது ஆண்டு, தள்ளுபடி கிடையாது. மைதானத்தையே விழுங்கியவருக்கு ஆறு.

பக்தர்களைச் சொல்ல வேண்டும். ஆடுகளத்தைச் சுற்றிக் கீழே 'ஜெரால்' என்றொரு பகுதி இருந்தது. சில்லறைக் காசுக்கு நுழைவு, கடைசிவரை நின்றே பார்க்க வேண்டும். அங்கிருந்து வீரர்களின் கால்தான் ஒழுங்காகத் தெரியும். அப்படியும் மூட்டை தூக்குபவரும் துணி வெளுப்பவரும் மாறுவேடம் கட்டிக்கொண்டு வந்து கூத்தடிப்பார்கள். 2005இல் அதை மூடினார்கள். பாதுகாப்பாம். 1992இல் மேல் தளத்துத் தடுப்பு உடைந்து மூன்று ரசிகர்கள் இறந்தது உண்மை. பராமரிக்காதவர்கள் அதிகாரிகள், வெளியே போனவர்கள் ஏழைகள். எல்லோருக்கும் நாற்காலி போட்டார்கள், கூடவே நாற்காலிக்கேற்ற விலையும். இரண்டு லட்சம் பேர் கொண்ட இடத்தில் இன்று எண்பதாயிரம் பேருக்குக்கூட இடமில்லை.

மைதானத்தை ஒட்டிய பழைய அருங்காட்சியகக் கட்டடத்தில் குடியிருந்த பழங்குடியினரை 2013 மார்ச்சில் கண்ணீர்ப்புகை போட்டு விரட்டினார்கள். மைதானத்தில் மது கூடாது என்று பிரேசிலில் ஒரு விதி இருந்தது. ஃபிஃபாவுக்கு பீர் விளம்பரதாரர் இருந்தார். எது விலகி நின்றது என்று சொல்லவும் வேண்டுமா? பழங்குடிக்கு வளையாத நாடாளுமன்றம் பாட்டிலுக்கு வளைந்தது.

இத்தனைக்கும் பிறகு 2014 உலகக் கோப்பையில் பிரேசில் அணி மரக்கானாவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! இறுதிப் போட்டிக்கு வந்தால்தான் அங்கே ஆடலாம் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். பெலோ ஒரிசோன்சியில் ஜெர்மனியிடம் 7-1 வாங்கியதோடு கதை முடிந்தது. கோப்பை மரக்கானாவுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போனவர்கள் ஜெர்மானியர்கள்.

ரியோவில் ஒலிம்பிக்கும் நடந்து முடிந்தது. 2017 தொடக்கத்தில் புல் காய்ந்து கிடந்தது, இருக்கைகள் பெயர்ந்து கிடந்தன, பாக்கிக்காக மின்சாரத்தை வெட்டினார்கள். பொறுப்பு உன்னுடையது என்று ஒலிம்பிக் குழு குத்தகைதாரரைக் காட்ட, குத்தகைதாரர் ஒலிம்பிக் குழுவைக் காட்டினார். இந்தச் சந்தடியில் உள்ளே நுழைந்தவர்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு மாரியோ ஃபில்யோவின் மார்பளவுச் சிலையையும் தூக்கிப் போய்விட்டார்கள். மைதானத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே அந்தப் பத்திரிகையாளருடையதுதான். இந்த இடத்தில் கட்டத்தான் வேண்டும் என்று எழுதி எழுதிப் போராடியவர்.

2021 மார்ச்சில், கொரோனாவில் நாடு பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ரியோ சட்டமன்றம் கூடி அவர் பெயரையும் எடுத்துவிட்டுப் பெலே பெயரை வைக்கத் தீர்மானித்தது. எதிர்ப்புக் கிளம்பி அது கைவிடப்பட்டது. பெலேயை விடுங்கள், ஐயா. பெயர் மாற்றியே தீருவோம் என்றால் ஒப்பந்தக்காரர்களின் பெயரை வையுங்கள். காசு வாங்கியவர்கள் நீங்கள். பலகையாவது வாங்கிய காசுக்கு ரசீதாக இருக்கட்டும்.