நூலுக்குப் பத்துப் பொருத்தம்

பழைய போர்வை கிழிந்தால் ஒரு சாரார் அதைக் கால்மிதி ஆக்குவார்கள். இன்னொரு சாரார் ஊசியை எடுப்பார்கள். மிகச் சிலர் மட்டும் அளவு டேப்பை எடுப்பார்கள். அந்த மிகச் சிலரின் மதுரைக் கிளைக்கு எங்கள் தெரு நேர்த்தியார்தான் தலைவர். ஓய்வுபெற்ற பொறியாளர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. வீட்டில் காலண்டர் மாட்டும் ஆணி நடுவில் இல்லையென்று அவர் சுவரை இரண்டு முறை பூசிய பிறகு, தெரு இந்தப் பெயரை வைத்தது.

போர்வை அவர் அம்மா தைத்தது. மேலே சுங்குடி, அடியில் கண்டாங்கி, நடுவில் அப்பாவின் எட்டு முழ வேட்டி, போதாததற்கு இன்னும் இரண்டு பழம்புடவை. அடுக்கி வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓட்டுத் தையல். மார்கழியில் போர்வை, விருந்தாளி வந்தால் மெத்தை, பிள்ளை பிறந்தால் விரிப்பு. இத்தனை வேலை பார்த்த பிறகு கால்மாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் விழுந்தது.

சரிசெய்யும் பொறுப்பை நேர்த்தியார் ஏற்றார். கிராஃப் தாளில் கிழிசலின் வரைபடம் தயாரானது. பிறகு எஸ்டிமேட்: சேதப் பரப்பு, நூல் கொள்முதல், எதிர்பாராச் செலவு ஐந்து சதவீதம். அடுத்து, அம்மாவின் தையலை லென்ஸ் வைத்து எண்ணினார். ஓர் அங்குலத்தில் ஐந்து தையல், அடுத்த அங்குலத்தில் ஏழு.

“ஏன் இப்படி மாறுது?” என்று கவலைப்பட்டார்.

“அஞ்சு போட்டப்ப நீங்க அழுதிருப்பீங்க. ஏழு போட்டப்ப தூங்கியிருப்பீங்க” என்றார் வீட்டம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

நூல் தேடும் படலம் விளக்குத்தூண் பக்கத்து மேட்சிங் சென்டரில் தொடங்கியது. ஒரு காலத்தில் அரக்காக இருந்த சுங்குடி வெளுத்து, பெயரில்லாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. கடைப்பையன் ஒரே பார்வையில், “வெங்காயக் கலர் சார்” என்றான்.

“பெரிய வெங்காயமா, சின்ன வெங்காயமா?”

பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி விட்டத்தைப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கூட எட்டுப் பொருத்தத்தில் சமாதானமாகிவிடுவார். நேர்த்தியார் நூலுக்குப் பத்தும் கேட்டார். நிறம் சேர்ந்தால் கனம் சேரவில்லை. கனம் சேர்ந்தால் பளபளப்பு இடித்தது. ஒரு பாலியஸ்டர் நூல் எல்லாவற்றிலும் தேறி வந்து கடைசியில் ரஜ்ஜு தட்டியது. நைந்த பருத்திக்குப் பாலியஸ்டர் நூல் ஆகாது. இழுபட்டால் நூல் அறாது, துணியைத்தான் அறுக்கும். அவர் சொன்னது சரிதான். எப்போதும் சரியாகத்தான் சொல்வார். தொல்லையே அதுதான்.

வெளியே வரன் அமையாததால் சொந்தத்தில் பார்த்தார். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா தைத்த பெண்கள், புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்துத் தைத்தார்கள் என்று படித்திருந்தார். கண்டாங்கியின் கரையைப் பிடித்து ஓர் இழையை உருவினார். அது சாண் நீளம் வருவதற்குள் மூன்று துண்டானது. சம்பந்தம் முறிந்தது.

அவர் படிக்காதது எதுவுமில்லை. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி எழுதிய கட்டுரை தெரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகள் தெரியும். அங்கே மிசூரி பெட்வே என்பவர் 1942இல், கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்தே ஒரு போர்வை தைத்தார். 1972இல் சியர்ஸ் நிறுவனம் அந்தப் பக்கத்துத் தையல் கூட்டுறவுக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை கொடுத்தபோது, மிஞ்சிய துண்டுகளெல்லாம் வீட்டுப் போர்வைகளில் ஏறின. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது.

நேர்த்தியார் அந்தத் தபால்தலைப் படத்தின் மேல் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். “ஒரு கோடாவது நேரா இருக்கா சொல்லுங்க!”

நேராக இருந்திருந்தால் பெட்ஷீட் என்று சொல்லித் தாண்டிப் போயிருப்பார்கள். அந்தப் பெண்களுக்கு முன்னால் இருந்தது குளிரும், கிழிந்த சட்டைகளும், தூங்கப்போகும் பிள்ளைகளும். இருக்கிற துணி எவ்வளவோ அவ்வளவுதான் திட்டம். இருட்டுகிற நேரம் எதுவோ அதுதான் கெடு. இந்த விவரத்தையும் நமக்குச் சொன்னவர் நேர்த்தியார்தான். சொல்லிவிட்டு மூலைமட்டத்தைத் துடைத்து உறையில் போட்டார்.

இதற்கிடையில் கிழிசல் எஸ்டிமேட்டுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளங்கை அகலம் முழம் ஆனது. ரிவைஸ்டு எஸ்டிமேட் போட்டார். மேற்கொண்டு சேதமாகக் கூடாதென்று போர்வையை யாரும் தொடக்கூடாது என உத்தரவிட்டு, அந்துருண்டையோடு பீரோவில் பூட்டினார். ஓரத்தோடு ஓரம் இம்மி பிசகாமல், ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடித்து வைத்தார். பழந்துணி ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். அருங்காட்சியகங்களில் உருளையில் சுற்றி வைப்பார்கள், இல்லையென்றால் மடிப்பை மாற்றி மாற்றி வைப்பார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சுருட்டி எறிந்த காலமெல்லாம் தாங்கிய துணி, நேர்த்தியார் மடித்த கோட்டில் விட்டுக்கொடுத்தது.

மகள் பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை பிறந்தது. கடை விரிப்புகள் எல்லாம் மொடமொடவென்று இருந்தன. நேர்த்தியார் அன்று குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருந்தார். புதுமண்டபத்திலிருந்து அங்கே மாறிய தையற்காரர்களில் யாராவது வெங்காய நுணுக்கம் அறிந்தவர் கிடைப்பாரா என்று பார்க்க.

வீட்டம்மா பீரோவைத் திறந்தார். இற்றுப்போன இடங்களைக் கத்தரித்தார். நல்ல பகுதி பிள்ளைக்குத் தாராளமாகக் காணும். ஆனால் கிழிசலின் ஒரு முனை அதிலும் எட்டிப் பார்த்தது. அதற்கு நேர்த்தியாரின் பழைய கட்டம் போட்ட லுங்கியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஓட்டையோடு நிறுத்தாமல் நைந்த இடம் முழுவதையும் தாண்டி, துணி திடமாக இருக்கும் இடத்தில் பிடித்துத் தைத்தார். துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்ட லுங்கி. இனிச் சுருங்கிப் பழந்துணியை இழுக்காது. பருத்தி நூல், இறுக்காத தையல். நேர்த்தியாரின் ஃபைலில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்த விதிகள் அத்தனையும் அந்த வேலையில் இருந்தன. அந்த ஃபைலை அந்த அம்மா திறந்ததே இல்லை. கத்தரித்த துண்டுகளில் தேறியதை மடித்துத் தைத்ததில் அடுப்படிக்கு இரண்டு கரித்துணியும், தையல் மெஷினுக்கு ஓர் உறையும் ஆயின. சீரியல் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்தது.

நேர்த்தியார் வந்தார், பார்த்தார், லென்ஸைத் தேடினார்.

“அங்குலத்துக்கு நாலு தையல்தான் இருக்கு.”

“பிள்ளை எண்ணாது.”

“பச்சை நூல் எதுக்கு?”

“அதுதான் ஊசியில கோத்திருந்துச்சு.”

அவர் அடுத்த கேள்விக்கு வாய் திறக்கும்போது பிள்ளை விரிப்பை நனைத்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் வழங்கிவிட்டது. மகள் அதை அலசி, கொடியில் தொங்கவிடப் போனாள். “தொங்கவிடாதே! ஈரக் கனத்துல தையல் விட்டுப்போகும், கட்டில்ல பரப்பி விடு!” என்று நேர்த்தியார் ஓடினார். அத்தனை வருஷப் படிப்பில் அன்றைக்குத்தான் ஒரு வரி வேலைக்கு ஆனது.

ராத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டடத் தொழிலில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. கட்டி முடித்தது வரைபடத்தோடு ஒத்துவராவிட்டால், கட்டியதை இடிக்க மாட்டார்கள்; கட்டியபடியே புதிதாக ஒரு வரைபடம் போட்டு, அஸ் பில்ட் டிராயிங் என்று பெயர் வைத்துக் கையெழுத்திடுவார்கள். நேர்த்தியார் புதுக் கிராஃப் தாள் எடுத்தார். லுங்கித் துண்டை அதன் சாய்வோடு வரைந்தார். பச்சைப் பென்சிலால் தையலும் போட்டார். கீழே குறிப்பு: “பணி திருப்திகரம்.”

வீட்டம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“லுங்கிக் கட்டம் ஒண்ணு கோணலா வரைஞ்சிருக்கீங்க. ரப்பர் எடுத்துத் தரவா?”

நேர்த்தியார் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

“இருக்கட்டும் விடு.”