ஆப்காரர்

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு கவிஞர் இருப்பார். கையைப் பிடித்து நிறுத்திக் கவிதை சொல்வார். இப்போது அந்த இடத்துக்கு ஆப்காரர் வந்திருக்கிறார். இவர் கையிலிருக்கும் போனையே வாங்கி இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் விடுவார்.

எங்கள் ஊர் காணையிலும் ஒருவர் உண்டு. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய என் ஜெராக்ஸ் கடைதான் அவருடைய தலைமை அலுவலகம். வாடகை கிடையாது; டீ என் கணக்கு. சென்னையில் நாலு வருடம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, "சொந்தமா ஏதாவது பண்ணணும்ணே" என்று திரும்பியவர். நெல் அறுக்கும் மெஷினை போனிலேயே பிடித்துத் தரும் ஆப் ஒன்றைச் செய்தார். யோசனை நல்ல யோசனைதான். "அரசாங்கமே 2018-ல 'உழவன்' ஆப் விட்டு, அதுல வாடகை மெஷினுக்கும் வழி வெச்சிருக்கே?" என்றேன்.

"அது திட்டம்ணே. நம்மது பிராண்ட்" என்றார்.

ஆப்பைத் தன் பிளே ஸ்டோர் கடையில் வைப்பதற்கே கூகுள் சில சடங்குகள் வைத்திருக்கிறது. ஒரே தடவை 25 டாலர் கட்ட வேண்டும். தனி ஆளாகப் புதுக் கணக்கு தொடங்கினால், 12 பேர் விடாமல் 14 நாள் சோதனைப் பட்டியலில் இருந்தாக வேண்டும். ஆப்காரர் தெருத்தெருவாக அலைந்து 12 பேரைத் தேற்றினார். அதில் அவருடைய அத்தை ஒருவர்தான் 14 நாளும் காலையும் மாலையும் ஆப்பைத் தவறாமல் திறந்தவர். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அதில்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பதினைந்தாம் நாள் அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஆப் வெளியே வந்தது. மூன்று மாதத்தில் டவுன்லோட் '50+' என்று காட்டியது. "ஐம்பதுதானா?" என்றேன். "பக்கத்துல பிளஸ் இருக்கு பாருங்கண்ணே. அந்தப் பிளஸ்ஸுக்குள்ள எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தப் பிளஸ்ஸைப் பெருக்க வைக்கத்தான் பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி என்ற ஞானம் பிறந்தது. சென்னைக்குப் போனார். முதல் ஏஜென்சியில் இருந்த பெண் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "சார், இதுல செய்தி என்ன?"

"ஆப் வந்ததே செய்திதானே?"

"ஆப் தினமும் வருது சார். உங்க ஆப்பால நூறு விவசாயிக்குச் சொன்ன நேரத்துல மெஷின் வந்துச்சுன்னா, அது செய்தி. அப்ப வாங்க, எந்த நிருபர்கிட்ட சொல்லணுமோ நாங்க சொல்றோம்."

அவ்வளவு நல்ல ஆலோசனையை இலவசமாகக் கொடுத்த குற்றத்துக்காக அந்த ஏஜென்சியை நிராகரித்துவிட்டு, கேள்வியே கேட்காத இன்னொன்றைப் பிடித்தார். மாதச் சம்பளம் ஒரு கறவை மாட்டு விலை. குறைந்தது மூன்று மாதம். ஆக, மூன்று மாடு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வாட்ஸ்அப்பை 2014-ல ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கினப்ப, அங்க வேலை செஞ்சது ஐம்பது சொச்சம் பேர். அதுல பி.ஆருக்குன்னு ஓர் ஆள் கிடையாதாம்" என்றேன்.

"இருந்திருந்தா இன்னும் ரெண்டு மடங்கு வந்திருக்கும்ணே."

சரி, உள்ளூர்க் கதைக்கு வருவோம் என்று ஜோஹோவின் 'அரட்டை'யை எடுத்தேன். வாட்ஸ்அப் மாதிரி, 2021-ல் வந்த ஆப். 2025 செப்டம்பர் கடைசியில் ஒன்றிய அமைச்சர் எடுத்துச் சொன்னதும், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3.5 லட்சம் பேர் என்று ஏறிவிட்டதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே சொன்னார். சர்வரைக் கூட்ட ராப்பகலாக ஓடினார்கள். ஆரவாரம் அடங்கியதும் தரவரிசையில் மளமளவென்று கீழே வந்தது. "கூட்டத்தைக் கூட்டலாம் தம்பி, உட்கார வைக்கிறதுதான் கஷ்டம்" என்று முடித்தேன்.

"பாத்தீங்களா! அவங்களுக்கு மந்திரி இருக்காரு. எனக்கு மந்திரி இல்ல, அதான் ஏஜென்சி" என்று அவர் வேறு விதமாக முடித்தார்.

விளம்பரம் என்றால் என்ன என்று காணைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விக்கிரவாண்டித் தொகுதி நாங்கள். 2019 அக்டோபரில் ஓர் இடைத்தேர்தல், 2024 ஜூலையில் இன்னொன்று. வராத தலைவர் இல்லை, கட்டாத கொடி இல்லை. யார் வந்து போவார்கள், யார் இருப்பார்கள் என்று எங்கள் டீக்கடை பெஞ்சுக்குத் தெரியும்.

முதல் மாத முடிவில் ஏஜென்சியின் அறிக்கை வந்தது. நான்தான் கலர் பிரிண்ட் போட்டேன். முப்பது நாற்பது இணையதளங்களில் ஒரே செய்தி, எழுத்துப் பிசகாமல். 'இந்திய வேளாண்மையில் புரட்சி' என்று தலைப்பு. ஊர் பெயர் 'கானை'. கடைசிப் பக்கத்தில், இவ்வளவு இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் இத்தனை லட்சம் ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பி.ஆரின் பயனைச் சொல்லாது என்று அந்தத் தொழில்காரர்களே 2010-ல் பார்சிலோனாவில் கூடித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆனால் காணைக்கு அந்தத் தீர்மானம் இன்னும் வந்து சேரவில்லை.

செய்திக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. லோன் வேண்டுமா என்று இருவர். எங்கள் ஏஜென்சிக்கு வாருங்கள் என்று மூவர். 'ஆண்டின் சிறந்த இளம் தொழில்முனைவோர்' விருது, நட்சத்திர ஓட்டலில், கட்டணம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும் என்று ஒருவர். அறுக்க நெல் வைத்திருந்தவர் ஒருவர்தான் கூப்பிட்டார். அவர் கேட்டது இதுதான்: "செயின் வண்டியா, டயர் வண்டியா?"

ஆப்காரர் விழித்தார். ஈர வயலில் டயர் வண்டியை இறக்கினால் புதைந்து நிற்கும்; செயின் வண்டிதான் போகும். ஆப்பில் அந்தக் கட்டமே இல்லை. லோகோவின் பச்சைக்கு மட்டும் நாலு வகை பார்த்திருந்தார்கள்.

தை மாதம் அவர் வீட்டு இரண்டு காணி நெல்லே அறுப்புக்கு நின்றது. அவருடைய அப்பா ஆப்பைத் தொடவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து, மெஷின் புரோக்கருக்கு அடித்தார். அந்தப் பக்கம் வணக்கம்கூட இல்லை. "வயல்ல ஈரம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. மறுநாள் விடியற்காலை ஆத்தூர்ப் பக்கத்துச் செயின் வண்டி வரப்போரம் வந்து நின்றது.

ஆப்காரரும் வந்திருந்தார், புது டீ-சர்ட்டில். பச்சையும் மஞ்சளும், நெஞ்சில் பெரிய லோகோ. ஏஜென்சி அனுப்பிய ஐம்பதில் ஒன்று. மெஷின் மேலிருந்த டிரைவர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் கட்சி தம்பி இது? புதுசா?"

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆப்காரர் என் தோளைத் தட்டினார்.

"கேட்டீங்களாண்ணே? விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க!"