சூரியன் மீது ஒரு குற்றப்பத்திரிகை

தமிழ்நாட்டில் இத்தனை குழந்தைகள் ஏன் வயிற்றைக் கீறித்தான் வெளியே வருகின்றன என்ற கேள்விக்குக் கடைசியில் ஒரு குற்றவாளி அகப்பட்டிருக்கிறார். சித்திரையில் தாரை உருக்குகிறார், வேலூரை வறுத்தெடுக்கிறார், மொட்டைமாடி வடகத்தை ஒரே பகலில் காயவைக்கிறார். கர்ப்பிணியின் ரத்தத்தில் வைட்டமின் டி சேர்ப்பதற்கு மட்டும் அவருக்கு நேரமில்லையாம். பெயர், சூரியன். தினமும் வருகிறார், தப்பி ஓடமாட்டார், மானநஷ்ட வழக்கும் போடமாட்டார். பழி போட இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 253 பிரசவங்களை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைட்டமின் டி மிகக் குறைந்திருந்த பெண்களில் 28 சதவீதம் பேருக்கு சிசேரியன். மற்றவர்களில் 14 சதவீதம். தசை வலுவாக இயங்க இந்தச் சத்து வேண்டும், கர்ப்பப்பையும் தசைதானே என்பது அவர்களுடைய ஊகம். நல்ல ஊகம்தான். பிறகு இங்கிலாந்தில் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குத் தினம் 1000 யூனிட் வைட்டமின் டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 65.6 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம், மற்றவர்களில் 57.9. ஆஹா என்று எழுந்துவிடாதீர்கள். குறைந்தது ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம்தான். சிசேரியன் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு.

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நம் ஊருக்குக் கப்பலேறி வரவில்லை. மற்றவை வந்துவிட்டன, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடும் அறுபதாயிரம் யூனிட் பொட்டலத்தோடும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை, குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் தினம் 200 யூனிட் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. 200 யூனிட்டில் எந்த மருந்துக்கடைக்காரர் வீடு கட்டுவார்?

சரி, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நூறு பிரசவத்துக்கு 36 சிசேரியன். தனியாரில் 63.8. ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே ரேஷன் அரிசி. ஆட்டோ இடதுபக்கம் திரும்பினால் 36, வலதுபக்கம் திரும்பினால் 64. "இனிமே எங்களால ஆகாது, ஜிஎச்சுக்குக் கொண்டுபோங்க" என்று நள்ளிரவில் தள்ளிவிடப்படும் சிக்கலான கேஸ்களும் அந்த 36-க்குள்தான் அடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் 81.5. அங்கே சூரியன் உதிப்பதே இல்லை போலிருக்கிறது. பிஹாரில் அரசு மருத்துவமனைகளில் 3.6, தனியாரில் 39.6. பதினோரு மடங்கு! ஏழைக்குக் கத்தி தேவைப்படும்போது கிடைப்பதில்லை. காசுள்ளவள் தேவையில்லாதபோதும் அதனிடமிருந்து தப்புவதில்லை. ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. நாம் அரசு மருத்துவமனையிலேயே அதைப்போல மூன்றரை மடங்கு போய்விட்டோம்.

பிரசவ அறை வாசலில் ஒலிக்கும் வசனங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "தண்ணி கம்மியா இருக்கு." "கொடி சுத்தியிருக்கு." "தலை இறங்கல." கடைசியாக அந்த பிரம்மாஸ்திரம்: "இன்னும் வெயிட் பண்ணலாம், ஆனா குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்கக் கூடாது." இவற்றில் எதுவும் உண்மையாக இருக்கக்கூடும். உண்மையாக இருக்கும்போது அந்தக் கத்தி கடவுள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, லுங்கியோடு ஓடிவந்த கணவன் எந்தப் படிப்பை வைத்து அதைச் சரிபார்ப்பான்? "ரெண்டு உசிரும் நல்லபடியா வந்தாப் போதும்மா" என்கிறார் மாமியார். கையெழுத்து விழுகிறது. வெட்டு ஒன்று, பில் இரண்டு.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்கவைக்கிறது. தையல் காயும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வலி தாங்குற தெம்பே இல்ல." "உடம்புல சத்தில்ல, வெயில்லயே போறதில்ல." கீறியது யாரோ, குற்றம் கீறப்பட்டவளுடையது!

வெயிலில் போவதில்லையாம். போகவிட்டது யார்? பெண்பார்க்க வருகிறவர்களுக்காகப் பதினைந்து வயதிலிருந்தே "வெயில்ல நிக்காதடி, கறுத்துடுவே" என்று உள்ளே துரத்தினீர்கள். வயிற்றில் பிள்ளை என்றதும் அது சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூவைப் பாலில் கலக்கினீர்கள். இப்போது அதே டம்ளரில் வைட்டமின் பொட்டலத்தைக் கொட்டுகிறீர்கள். ஜவுளிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு பத்துவரை ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிற்கிற பெண்ணுக்கு உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்லவே 2021-இல் சட்டசபை கூடி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. அவளுக்கு ஜன்னல் வேண்டுமென்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருக்கும்.

வெயிலுக்கும் பிரசவத்துக்கும் உறவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. புகை மண்டிய கிளாஸ்கோவில் ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போன ஒரு பெண்ணுக்கு 1888-இல் மர்டாக் கேமரன் சிசேரியன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். காஷ்மீரில் மருத்துவம் பார்த்த கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர், பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களுக்கு எலும்பு இளகி, இடுப்பு நசுங்கிப் பிரசவம் மரண தண்டனையாவதை 1928-இல் புத்தகமாகவே எழுதினார். அந்த அம்மாள் குற்றத்தை அந்தப் பெண்களின் ரத்தத்தில் தேடவில்லை, அவர்களை அடைத்த சுவரில் தேடினார். நூறு வருஷம் கழித்து நம்மிடம் அருமையான ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் நானோகிராம் வரை அளந்துவிடுகிறோம். சுவரை அளக்கும் கருவி மட்டும் வாங்கவில்லை.

சூரியன் மீது இரண்டாவது வழக்கு ஒன்றும் உண்டு. அது ஜோதிடர் தொடுத்தது. சூரியன் உச்சத்தில், குரு கேந்திரத்தில், புதன்கிழமை காலை 9.10-லிருந்து 9.40-க்குள் குழந்தை பிறந்தால் கலெக்டர். அதே சூரியன், சத்து கொடுக்கத் துப்பில்லாதவர், கலெக்டர் கொடுப்பாராம். தியேட்டர் தயார், மயக்க மருந்து டாக்டர் தயார். வலி மட்டும் வரவில்லை. அதை யார் கேட்டது?

டாக்டர்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சின்ன ஊர் நர்சிங் ஹோமில் ஒரே ஒரு டாக்டரம்மா. முதல் பிரசவ வலி பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் நீளும், அறுவை ஒரு மணிக்குள் முடியும். விடிய விடியக் கூட இருந்து கவனிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வேண்டும். மத்திய அரசு 2018-இலேயே அதற்கு வழிகாட்டி நெறிமுறை போட்டது. உங்கள் ஊரில் அப்படி யாரையாவது பார்த்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். காத்திருப்பதற்குக் கட்டணம் கிடையாது, கீறுவதற்கு உண்டு என்று ஒரு தொழிலை அமைத்துவிட்டு, தொழிலாளியின் மனசாட்சியை மட்டும் பரிசோதிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆக வேண்டியது ஒரு பலகை. நூறு பிரசவத்தில் எத்தனை சிசேரியன் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலில் எழுதி வைக்கட்டும். 2017-இலேயே மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு இப்படி ஓர் உத்தரவு போனது. நான் போகும் இடங்களில் 'சில்லறையாகக் கொடுக்கவும்', 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகைகள்தான் கண்ணில் படுகின்றன. மாட்ட ஆணி இல்லை என்று சொல்ல முடியாது. 'இங்கே கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது' என்ற பலகை எந்த ஸ்கேன் சென்டரிலும் தப்பாமல் தொங்குகிறது. காரணம் நேர்மை அல்ல, அந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது. இதற்கும் அதைச் சேர்த்துப் பாருங்கள், மறுநாள் காலையிலேயே ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்.