அப்பாவுக்கு என்ன வேணுமாம்?

எண்பதுகளில் பாளையங்கோட்டையில் வளர்ந்த பார்வையற்ற பையனுக்கு ஊர் ஒதுக்கி வைத்திருந்த வேலைகள் இரண்டு. பாட்டுப் பாடுவது, நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது. எனக்குப் பாட்டு வராது. அதை யாரும் நம்பவே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தால் உறவுக்காரர் யாராவது முழங்காலைத் தட்டி, "எப்பா, ஒரு பாட்டு படியேன், கேப்போம்" என்பார். எனக்கு வரலாறுதான் பிடிக்கும், வாத்தியாராகப் போகிறேன் என்று சொன்னால் அவரது பேச்சு என்னை விட்டு அப்பாவிடம் போய்விடும். "போன பிறவியில என்ன செஞ்சானோ" என்பதை என் எதிரில், நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதே ஆட்கள்தான் எனக்குத் திருவிழாவில் அல்வா வாங்கித் தந்தார்கள்.

பார்வையற்றவர் என்றால் பாட்டுதான் என்ற நம்பிக்கைக்குச் சினிமாவும் தீனி போட்டது. 1981இல் வந்த 'ராஜபார்வை' நாயகன் வயலின் வாசித்தான். 2001இல் 'காசி' பாடினான். 2009இல் 'நான் கடவுள்' படத்தின் அம்சவல்லி பாடிக்கொண்டே பிச்சை எடுத்தாள். மூன்றையும் நான் விரும்பிப் பார்த்தேன், நடித்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் கோப்பு பார்க்கும், பாடம் நடத்தும், வீட்டுக்கடன் கட்டும் ஒரு பார்வையற்றவரைத் திரையில் சந்திக்க நான் ஏங்கியிருக்கிறேன்.

இப்போது பாடச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். செல்போனை நீட்டுபவர்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நான் இட்லி சாப்பிடுவதை யாரோ படம் பிடித்து, சோகமான இசை சேர்த்து, தன்னம்பிக்கை பற்றி நாலு வரி எழுதிப் போட்டிருந்தார்கள். என் மாணவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். எடுத்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதே சாதனை என்றால், என்னிடமிருந்து அவர் எதிர்பார்த்தது எவ்வளவு குறைவு! அந்தக் காலத்தில் இரக்கத்தில் நாணயம் நீட்டியவருக்கும் இவருக்கும் பெரிய தூரம் இல்லை என்றே நினைக்கிறேன்.

படிப்பு விஷயத்தில் மாற்றம் உண்மையானது. பள்ளி விடுதியில் நாங்கள் சிலேட்டும் ஸ்டைலஸும் பிடித்து பிரெயில் எழுதினோம். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். கல்லூரிக்குப் போனபோது பாடப் புத்தகம் ஒன்றுகூட பிரெயிலில் இல்லை. நண்பர்கள் வாசிக்க, கேசட்டில் பதிந்து கேட்டே பட்டம் வாங்கினேன். இன்று என் கணினி எனக்கு வாசிக்கிறது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் அதே வேலையை டாக்பேக் செய்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பதும் மதிப்பெண் பதிவேற்றுவதும் நானேதான்.

இந்த வசதி ஒரு புதிய சந்தேகத்தைக் கூட்டி வந்தது. பேருந்தில் காதில் இயர்போனோடு போனைத் தடவிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர், "கண்ணு தெரியாதுன்னு கம்பு வச்சிருக்கிய, போனை நோண்டுதிய?" என்பார். நடத்துநர் இலவசப் பயண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அன்று எதுவும் செய்ய முடியாதவன் என்றார்கள். இன்று ஒன்றைச் செய்துவிட்டால் பார்வை இருக்கிறது என்கிறார்கள். என் மனைவி படும் பாடு இதைவிட அதிகம். அவளுக்குக் குறைபார்வை. வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், பெரிய எழுத்தைக் கண்ணருகே வைத்தால் படிப்பாள். பொழுது சாய்ந்தால் வெள்ளைக்கோல் இல்லாமல் படி இறங்க முடியாது. பகலில் அவள் சேலையின் நிறம் பார்த்து வாங்கியதைக் கண்ட அதே தெருக்காரர்கள், இரவில் கோலோடு பார்த்துவிட்டு நடிப்பு என்று பேசினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முழுப் பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. தெருவுக்கு அது இன்னும் எட்டவில்லை.

நேர் எதிரான மூடநம்பிக்கை ஒன்றும் உண்டு. எங்களுக்கு விரல் நுனியில் ஏதோ சக்தி இருக்கிறதாம். பணத்தைத் தடவியே சொல்லிவிடுவோம் என்று கடைக்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். அதில் சக்தி எதுவும் இல்லை, அளவுதான். பழைய 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர், 500க்கு 167, 1000க்கு 177. பத்துப் பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் இடுக்கில் வைத்துப் பழகியிருந்தோம். 2016 நவம்பரில் அந்த 500ம் 1000மும் செல்லாமல் போயின. பின்னர் வந்த புது வரிசையில் 100க்கு 142, 200க்கு 146, 500க்கு 150. வித்தியாசம் நாலே மில்லிமீட்டர். நோட்டு கொஞ்சம் கசங்கினால் போச்சு. 200 என்று நினைத்து 500ஐக் கொடுத்துவிட்டு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. கூட்டமான கடையில் போனை எடுத்து ஒவ்வொரு நோட்டாகக் காட்டி நிற்கையில், பின்னால் நிற்பவருக்குப் பொறுமை வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தேன். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்த 3 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கு. சேர்ந்த நாளில் எனக்குக் கிடைத்த வரவேற்பு, "பிள்ளைங்க ஏமாத்திருமே சார்" என்பது. பிள்ளைகள் எந்த ஆசிரியரையும் ஏமாற்றப் பார்க்கும். என் வகுப்பில் அடையாளம் தெரியாத குரல் என்று ஒன்று இரண்டாம் மாதத்தில் மிச்சமில்லை. அதற்குப் பிறகு நாட்டில் என்னென்னவோ நடந்துவிட்டது. முழுப் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெஃபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையற்றவர்கள் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்ற மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் செய்தியை வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த மாதமே புதிதாக வந்த பெற்றோர் ஒருவர் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், "நோட்டெல்லாம் யாரு திருத்துவா?" என்று விசாரித்திருக்கிறார். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

வங்கியை மட்டும் என்னால் சுருக்கிச் சொல்ல முடியாது. சம்பளக் கணக்கு தொடங்கப் போனபோது, காசோலைப் புத்தகம் தர முடியாது, பார்வை உள்ள ஒருவரோடு கூட்டுக் கணக்கு வையுங்கள், கைரேகை போடுங்கள் என்றார்கள். நான் முதுகலைப் பட்டம் வாங்கியவன். கையெழுத்துப் போட விடுதி வார்டன் சொல்லித் தந்திருந்தார். அட்டையில் நீளமாக ஒரு துளை வெட்டி, அதற்குள் பேனாவை ஓட்டிப் பழக்கினார். கவுண்டரில் போட்டும் காட்டினேன். அதிகாரி ஏற்கவில்லை. அன்று மை படிந்த கட்டைவிரலோடு வெளியே வந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது. 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் பார்வையற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது என்றது. எனக்கும் கிடைத்தது. ஆனால் காசோலைப் புத்தகம் வாங்கப் போன இடத்தில் அதிகாரி என்னைத் தாண்டி, மனைவியையும் தாண்டி, துணைக்கு வந்த என் சின்ன மகளிடம், "பாப்பா, அப்பாவுக்கு என்ன வேணுமாம்?" என்றார். "அப்பாகிட்டயே கேளுங்க" என்றாள் அவள். வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு அழுகை வந்தது.

இப்போது கிளைக்கே போக வேண்டாம், எல்லாம் செயலியில் முடியும் என்கிறார்கள். வாடிக்கையாளர் அடையாள விவரமான கேஒய்சியைப் புதுப்பிக்க வங்கியின் செயலியைத் திறந்தேன். முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள் என்றது. வட்டம் எங்கே என்று டாக்பேக் சொல்லவில்லை. பிறகு கண்களை இமைக்கச் சொன்னது. சிறு வயதிலேயே என் விழிகள் சுருங்கிவிட்டன. நான் இமைத்ததை அது ஏற்கவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளியது. கிளைக்குப் போய்க் கேட்டேன். "உயிருள்ள ஆள்தானான்னு பாக்கத்தான் சார் அது" என்றார் ஓர் இளைஞர், மிகுந்த பணிவோடு.

அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் இதே குறைக்காக வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. இமைப்பது ஒன்றே சோதனையாக இருக்கக் கூடாது, மாற்று வழி வேண்டும் என்று சொல்லி இருபது கட்டளைகள் பிறப்பித்தது. அதில் எனக்கு மிகவும் வேண்டியது, செயலிகளைச் சோதித்துப் பார்க்கும்போது பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை. இதைத்தான் கல்யாண வீட்டிலும் பேருந்திலும் கவுண்டரிலும் நான் எதிர்பார்த்தேன். எனக்கு எது முடியும், எது வேண்டும் என்பதை என்னிடமே கேளுங்கள்.

அந்த வங்கிக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த முறை செயலியை மாற்றும்போது, முழுப் பார்வையின்மைக்கு என்னையும் குறைபார்வைக்கு என் மனைவியையும் சோதனைக்குக் கூப்பிடுங்கள், காசு வேண்டாம் என்று. பதில் வரவில்லை. பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் மறுபடி எழுதுவேன்.