ரேமாத்தான் இருக்கும்

கம்ப்யூட்டர் தெரிந்தவர் தமிழ்நாட்டில் அநேகமாகத் தெருவுக்கு ஒருவர் உண்டு. பிழைப்புக்கு அவர் வங்கியிலோ, மின்வாரிய அலுவலகத்திலோ, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகவோ இருப்பார். பழுது பார்ப்பது அவருக்குத் தொழில் இல்லை என்பதால் காசு வாங்க மாட்டார். காசு வாங்காத ஆளிடம் கேள்வி கேட்க முடியாது என்பதால் அவர் சொன்னதே தீர்ப்பு. வீட்டுப் பெரியவர்களுக்கு அவர் ‘சார்’, பெண்களுக்கு ‘அண்ணன்’, பிள்ளைகளுக்கு ‘அங்கிள்’. மூன்று தரப்பும் அவரைத் தேடுவது கம்ப்யூட்டர் நின்றுபோன அன்றைக்கு மட்டும். அது பெரும்பாலும் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருக்கும்.

அவருடைய அதிகாரம் அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் தொடங்கியது. 2000-களில் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்குவதென்றாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். “பிராண்டட் வாங்கினா பேருக்குத்தான் சார் காசு” என்று சொல்லி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு அழைத்துப்போய், நாலு கடையில் கொட்டேஷன் வாங்கி, ஐந்தாவது கடையில் பேரம் பேசி, பாகங்களை அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாயை விரித்து மாட்டிக் கொடுத்தார். பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று வாங்குகிறவர் விசாரித்தார். கேபினெட்டோடு சேர்ந்து வந்த, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. விலை குறைந்ததெல்லாம் அந்த இடத்தில்தான். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். கையில் எடுத்தால் டிபன் பாக்ஸ் அளவுக்குக்கூடக் கனக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் ஹீட் சிங்க்கும் இருப்பதால் கை தாழும். இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

நோயாளியைப் பார்க்கும் முன்பே, போனிலேயே அவர் நோயைச் சொல்லிவிடுவார்.

“அண்ணே, ஆன் பண்ணா கத்துதுண்ணே. ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல.”

“எப்படிக் கத்துது? விட்டு விட்டா, நீளமாவா?”

“நீளமா, நிறுத்தி நிறுத்தி.”

“ரேமாத்தான் இருக்கும். நீங்க எதையும் தொடாதீங்க, ஆபீஸ் முடிச்சு வர்றேன்.”

இதில் ஞாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் விழிக்கும்போது மதர்போர்டு தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்; சோதனையை நடத்தும் புரோகிராமுக்குப் பயாஸ் என்று பெயர். திரையே வராத கட்டத்தில் குறை கண்டால் சொல்வதற்கு அதனிடம் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் உண்டு. அவார்ட் பயாஸ் போட்ட போர்டில் நீளமான பீப் ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. ஏஎம்ஐ பயாஸுக்குக் கணக்கு வேறு. கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஏதோ ஒரு காலத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தவர். எந்தப் போர்டு கத்தினாலும் அந்த அகராதியைத்தான் புரட்டுவார். இருந்தாலும் பாதிக்கு மேல் அவர் சொன்னது பலிக்கும். கழன்றும் கருத்தும் தொல்லை தருவதில் ரேமை மிஞ்ச ஆள் கிடையாது.

சாயங்காலம் வருவார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதில் காந்தம் ஏறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், அரை அங்குலப் பெயின்ட் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், மல்டிமீட்டர், நாலைந்து பழைய ரேம், உறையில்லாத ஒரு சிடி. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வெளிவருவது தூசி, அடுத்தது பாச்சை, சில வீடுகளில் காய்ந்த பல்லி. ரேமைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் தங்கப்பூச்சுப் பற்களை ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்ப்பார். கருப்பு உரியும். துகளை ஊதிவிட்டு, இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். இரண்டு கிளிப்பும் ‘டக்’கென்று ஒரே நேரத்தில் மூடும். பட்டனைத் தட்டினால் ஒரே ஒரு குட்டை பீப், திரையில் எழுத்து. வீடே அவரை நிமிர்ந்து பார்க்கும். காபி வரும்.

அவருடைய வாழ்க்கையில் ஆபத்தான கணம் இதுதான். ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார், அது உண்மையான குறையும்கூட. ஆகவே வேறு குறை இருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து போன். இந்த முறை தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கிறது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் மிரட்டுகிறது. வெப்சைட்டுகளின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய வருஷத்தில் உட்கார்ந்திருந்தால் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். காரணம் போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர் 2032 பேட்டரி. 3 வோல்ட் தரவேண்டியது, நாலைந்து வருஷத்தில் ஓய்ந்துவிடும். வாட்ச் கடையில் வாங்கி மாட்டினார். சரியானது. இரண்டாவது காபி.

மூன்றாவது அழைப்பு ஹார்ட் டிஸ்க்குக்கு. ‘டிக் டிக்’ என்று சத்தம், பிறகு நீலத் திரை. அவர் சாட்டா கேபிளை மாற்றினார், மாற்றிய கையோடு ரேமை அடுத்த ஸ்லாட்டுக்கு நகர்த்தினார், பழக்க தோஷத்தில் தூசியும் தட்டினார். ஓடியது. மூன்றில் எதனால் ஓடியது என்று அவருக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது பழுது பார்ப்பதில் பாலபாடம். அதைப் பின்பற்றப் பொறுமை வேண்டும். காபி ஆறிக்கொண்டிருக்கும் வீட்டில் அது கிடைப்பதில்லை.

நாலாவதாக மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கும்போதுதான் அவர் பெரிய வைத்தியத்துக்கு இறங்குவார். முதல் சந்தேகம் சூடு. பிராசசர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி, புதுப் பேஸ்ட்டைப் பொடி தோசைக்கு நெய் விடுகிற தாராளத்தோடு தடவுவார். வேண்டியது நடுவில் ஒரு பட்டாணி அளவுதான். இன்டெல்லின் 775 சாக்கெட் வந்த 2004-லிருந்து ஃபேனை நாலு பிளாஸ்டிக் கால்களால் அழுத்தி மாட்டும் ஏற்பாடு. அதில் மூன்று கால் பிடித்துக்கொள்ளும், நாலாவது பிடித்த மாதிரி நடிக்கும். ஃபேன் ஒரு மயிரிழை தூக்கி நின்றாலும் போதும், சுத்தம் செய்வதற்கு முன்னால் இருந்ததைவிடச் சூடு கூடிவிடும். இப்படி வைத்தியமே ஒரு நோயைச் சேர்த்துவிட்டுப் போவதும் உண்டு.

சூடு இல்லையென்றால் ஃபார்மட். “ஒரு ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடும்” என்பது அவர் இனத்தின் தாரக மந்திரம். ஹார்ட் டிஸ்க் டிக் அடிக்கும்போது முதலில் செய்யவேண்டியது போட்டோக்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் எடுத்து வைப்பது. அடுத்தது டிஸ்க்கே தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பில், கெட்டுப்போய் மாற்றிக்கொண்ட செக்டார்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது. அவர் சிடியைப் போடுவார். பாதி இன்ஸ்டாலேஷனில், ஒரு ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை என்று நிற்கும். சிடியை வேட்டி நுனியில் துடைப்பார். இன்னொரு ஃபைலில் நிற்கும். “சிடி கீறல்” என்பார். கீறலாகவும் இருக்கலாம்தான்; ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபைலில் நின்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது ரேமை. மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் குட்டு வெளிப்படும். அவரோ ரேமை அன்றைக்கே ரப்பர் போட்டுக் குணப்படுத்திவிட்டவர். தன் கையால் சரிசெய்ததைச் சந்தேகிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

கழன்ற ரேம், ஓய்ந்த பேட்டரி, டிக் அடிக்கும் டிஸ்க், தானாக ஆகும் ரீஸ்டார்ட் என்று நாலு குறை. பேட்டரி தன் ஆயுள் முடிந்து போனது. அதற்கும் மற்றவைக்கும் சம்பந்தமில்லை. ரேமில் படிந்த கருப்பும் காலத்தின் வேலையே. மிச்சத்துக்கெல்லாம் ஊற்று ஒரே இடம், அந்தக் கனமில்லாத பெட்டி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் உலர்கின்றன; பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பழைய வாய்ப்பாடு. சென்னை மே மாதத்தில், சுவரோடு ஒட்டிய மேஜைக்கடியில் அவை என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. மேற்புறம் உப்பிய மின்தேக்கி தருகிற மின்சாரம் தளும்பும். 12 வோல்ட் தாழ்ந்தால் ஹார்ட் டிஸ்க் மோட்டார் தடுமாறி, மறுபடி தொடங்கி, டிக் அடிக்கும். ரேமில் எழுதியது பிசகும். மின்சாரம் எல்லை தாண்டும்போது, எல்லாம் நலம் என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குக் கொடுத்துவரும் சைகை அறுந்து, மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

இதை அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

“எஸ்எம்பிஎஸ்ஸா? அது நான் நின்னு வாங்கினது சார். போக சான்ஸே இல்ல.”

நிரூபித்தும் காட்டுவார். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைப்பார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றும். “பாருங்க, சுத்துது.” மல்டிமீட்டரை மஞ்சள் ஒயரில் வைத்தால் 12.1 காட்டும். அனுமதித்த எல்லை 11.4 முதல் 12.6 வரை என்பதால் அவர் பக்கம் வழக்கு ஜெயித்துவிட்டது. சுமையே இல்லாமல் எடுத்த அளவு அது. எல்லாவற்றையும் மாட்டி, மெஷின் மும்முரமாக ஓடும்போது அதே ஒயரில் வைத்திருந்தால் எண் வேறு கதை சொல்லியிருக்கும். அப்போது மீட்டர் ஜவுளிக்கடைப் பைக்குள் தூங்குகிறது. பிறகு பழி யுபிஎஸ் மேல் போகும். அங்கே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி உப்பித்தான் இருக்கும், ஆகவே அதுவும் உண்மையான குறையே. அடுத்து எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது, காரணம் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் செருக வீட்டுக்காரர் வாங்கிய அடாப்டர். அதையும் சரியாகவே கண்டுபிடிப்பார். அவர் சொன்னதில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது. மெஷின்தான் ஓடாது.

கடைசியில் வீட்டுக்காரர் அவருக்குத் தெரியாமல் கடைப் பையனைக் கூப்பிடுவார். கடைப் பையனுக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. நன்றாக ஓடுகிற எஸ்எம்பிஎஸ் ஒன்றை எப்போதும் தூக்கிக்கொண்டு வருவான். போர்டைக் கழற்றி அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், ஒரே ஒரு ரேம், தன்னுடைய எஸ்எம்பிஎஸ், இவ்வளவோடு ஓட்டிப் பார்ப்பான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பான். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அது குற்றவாளி. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் டிக் சத்தம் நிற்கிறது, ரீஸ்டார்ட் நிற்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நீலத் திரை மட்டும் திரும்ப வருகிறது. இத்தனை நாள் தளும்பிய மின்சாரத்தைக் குடித்ததில் ரேம் இப்போது நிஜமாகவே செத்திருக்கிறது. பையன் அதையும் மாற்றி, இரண்டுக்கும் பில் போடுகிறான்.

செய்தி கம்ப்யூட்டர் தெரிந்தவர் காதுக்குப் போகாமல் இருக்காது. ரேமை மாற்றினார்கள் என்பது மட்டும் அவர் காதில் விழும்.

“நான்தான் முதல் நாளே சொன்னேனே சார்!”

சொன்னார்தான். சாட்சிக்கு அந்த வீட்டு அக்காவே இருக்கிறார்.

கழற்றிப் போட்ட எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டுக்காரர் பழைய இரும்புக்காரனுக்கு ஒதுக்கி வைத்திருப்பார். அவர் விடமாட்டார். ஜெம் கிளிப்பை மாட்டிப் பார்ப்பார், ஃபேன் சுற்றும். “நல்லாத்தானே இருக்கு, டெஸ்டிங்குக்கு ஆகும்” என்று பைக்குள் போட்டுக்கொள்வார். மூன்றாவது வீட்டில் யாருக்கோ கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று மறுநாளே போன் வந்திருக்கும்.