இரட்டையருக்கு இரண்டு கதிரை

கேள்வி: முதலாம் தரத்துக்கு இரட்டைப் பிள்ளைகள் விண்ணப்பித்தால், ஒன்றைக் காட்டி மற்றதைச் சேர்க்க முடியுமா?
– வாசகர், வண்ணாத்திவில்லு

பதில்: இலங்கை அரச பாடசாலைகளில் இதற்குக் குலுக்கல் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் புள்ளிதான் பேசும். கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளில் பல ஆண்டுகளாக உள்ள பங்கீட்டின்படி, அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே அங்கு படிப்பவரின் சகோதரர்களுக்கு 15. இரட்டையரில் மூத்தது சில நிமிடம் முந்திப் பிறந்தாலும் இன்னும் வகுப்பேறவில்லை. அதனால் சகோதரர் பிரிவில் அதன் சிபாரிசு செல்லாது. ஒரே வீடு, ஒரே கரண்ட் பில் என்பதால் வதிவிடப் புள்ளி இருவருக்கும் சமமாக வரும். இங்கிலாந்தில் கதை வேறு. அங்கு ஆரம்ப வகுப்புக்கு உச்சவரம்பு 30 பிள்ளைகள். முப்பதாவது இடம் இரட்டையரில் ஒன்றுக்குக் கிடைத்தால், மற்றதை 31ஆவதாகச் சேர்க்க விதி இடங்கொடுக்கிறது. வகுப்பில் கொஞ்சம் நெருக்கம். வீட்டில் சண்டை மிச்சம்.